புகழ்ப்பாடல் திரட்டு பயனுடையதா? – ரேடியோஹெட் இசைக்குழுவை முன்வைத்து



2008ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இங்கிலாந்திலிருந்து ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. ‘ரேடியோஹெட்: த பெஸ்ட் ஆஃப்’ என்பது அதன் பெயர். ஒரு குழுவின் புகழ்பெற்ற பாடல்களை, அவை முதலில் இடம்பெற்ற தொகுதிகளிலிருந்து பிரித்தெடுத்து ஒன்றாகச் சேர்த்து விற்பது மேலைநாட்டு இசை வணிகத்தில் நெடுங்கால வழக்கம். ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ என்றும் ‘பெஸ்ட் ஆஃப்’ என்றும் இவற்றைச் சொல்வர். ஆதலின் இத்தகைய தட்டு ஒன்று வெளிவந்ததில் வியப்பில்லை. அதிலுள்ள பாடல்களை இயற்றிப் பாடியவர்களே அதனைத் தம்முடையது என ஏற்கவில்லை என்பதுதான் வியப்பு. இயற்றியவர் ஒருவர், தொகுத்தவர் வேறொருவர், விற்பவர் மற்றொருவர் என்னும்போது அத்தொகுப்பு யாருடைய படைப்பாகும்? கேட்பவருக்கு அதனால் விளையும் பயன் யாது? ‘தேர்ந்தெடுத்த கவிதைகள்’ என்னும் தலைப்பில் நூல் வெளியிட்டவர்களும் வெளியிட எண்ணியிருப்பவர்களும் அமர்ந்திருக்கும் இவ்வவையில் இவ்வினாக்கள் அயல்நாட்டுச் செய்தியாக மட்டும் நின்றுவிடா.

முதற்கண் இவ்விசை வகையைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ‘ஆல்டர்நேட்டிவ் ராக்’ எனப்படும் மாற்று ராக் இசை 1980களில் வேரூன்றியது. அமெரிக்காவில் கல்லூரி வானொலிகளும், இங்கிலாந்தில் சிறு இசைத்தட்டு நிறுவனங்களும் அதனை வளர்த்தன. பெரு நிறுவனங்களின் விற்பனைப் பட்டியலுக்குப் புறத்தே நின்றதாலேயே ‘மாற்று’ என்னும் அடைமொழி அதற்கு வாய்த்தது. 1990களில் அவ்விசையே பட்டியலின் உச்சியில் ஏறி அமர்ந்தது வேறு கதை. எனினும் ‘ஹிட்’ என்னும் சொல்லின்மீது அவ்விசைஞர்களுக்கு இருந்த ஐயம் அகலவில்லை. வெற்றிப் பாட்டு ஒன்றைக் காட்டிலும், பத்துப் பன்னிரண்டு பாடல்கள் ஓர் ஒழுங்கில் அமைந்து ஒரு முழுமையாக நிற்கும் தொகுதியே தம் படைப்பு என்று அவர்கள் கருதினர். அத்தகையோரின் பெயரால் ‘புகழ்ப்பாடல் திரட்டு’ என ஒன்று வருவதில் அடிப்படையிலேயே ஒரு முரண் உள்ளது.

ரேடியோஹெட் குழுவினர் ஐவர். தாம் யார்க், ஜானி கிரீன்வுட், அவர் தமையனார் காலின் கிரீன்வுட், எட் ஓ’பிரையன், ஃபிலிப் செல்வே ஆகியோர் ஆக்ஸ்ஃபோர்டு வட்டாரத்து ஆபிங்டன் பள்ளியில் ஒன்றாகப் பயின்றவர்கள். 1991இல் இ.எம்.ஐ. நிறுவனத்துடன் ஆறு தொகுதிகளுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டனர். ‘பாப்லோ ஹனி’ (1993), ‘த பெண்ட்ஸ்’ (1995), ‘ஓகே கம்ப்யூட்டர்’ (1997), ‘கிட் ஏ’ (2000), ‘அம்னீசியாக்’ (2001), ‘ஹெய்ல் டு த தீஃப்’ (2003) என ஆறும் அந்நிறுவனத்தின் பார்லஃபோன் முத்திரையோடு வெளிவந்தன. ஒரே குழுவின் பத்தாண்டு உழைப்பில் இவ்வளவு மாற்றம் அரிது. முதல் தொகுதியையும் நான்காம் தொகுதியையும் அடுத்தடுத்துக் கேட்பவர் இரண்டும் ஒரே கையின் படைப்பு என நம்ப மாட்டார்.

இவர்களுடைய பாடல்களுள் உலகறிந்த முதற்பாட்டு ‘க்ரீப்’. 1992இல் தனித்தட்டாக வந்தபோது இங்கிலாந்தில் அதனை வாங்குவாரில்லை. பின்னர் இஸ்ரேல் நாட்டு வானொலியில் அது பரவியது. அமெரிக்க வானொலிகளும் எடுத்துக்கொண்டன. 1993இல் மீண்டும் வெளியிடப்பட்டபோது சொந்த நாட்டுப் பட்டியலில் ஏழாம் இடத்தை எட்டியது. அதன் பின்னர்ப் பிறந்தது தொல்லை. அரங்கிற்கு வருவோர் அவ்வொரு பாட்டையே கேட்டனர். அது முடிந்ததும் எழுந்து சென்றோரும் உண்டு என்பர். 1994இல் வெளிவந்த ‘மை அயர்ன் லங்’ என்னும் பாட்டு, அப்புகழின் சுமையைப் பற்றியதே என்பது திறனாய்வாளர் பலரும் ஒப்பிய கருத்து. நோயாளியை உயிர்ப்பித்திருக்கச் செய்யும் இரும்பு நுரையீரலே அவனைக் கட்டிலோடு பிணித்தும் வைக்கிறது. குழுவினரும் பல ஆண்டுகள் ‘க்ரீப்’ பாட்டை மேடைகளில் தவிர்த்தே வந்தனர். 2008ஆம் ஆண்டுத் திரட்டில் இவ்விரு பாடல்களும் உள்ளன. நான்காம் இடத்தில் ‘க்ரீப்’. இரண்டு பாட்டு தள்ளி ஏழாம் இடத்தில் ‘மை அயர்ன் லங்’. நோயும் நோயைப் பற்றிய முறையீடும் ஒரே தட்டில் புகழ்ப்பாடல்களாக நிற்கின்றன. தொகுத்தவர் இதனை எண்ணித்தான் செய்தாரா என்பது ஐயத்திற்குரியது.

இனி, ஒரு பாட்டை அதன் இடத்திலிருந்து பெயர்த்தால் என்ன ஆகிறது என்பதை நுணுகிக் காணலாம். இதற்கு ‘ஓகே கம்ப்யூட்டர்’ தொகுதியே தக்க சான்று. அதில் பன்னிரண்டு உருப்படிகள் உள்ளன. ‘ஏர்பேக்’ என்பது முதற்பாட்டு. சாலை நேர்ச்சியொன்றில் காற்றுப் பையினால் உயிர் தப்பிய ஒருவனின் பெருமிதக் குரல் அது. இறுதிக்கு முந்தைய பாட்டு ‘லக்கி’. அதில் பேசுபவன் வானூர்தி விபத்திலிருந்து மீட்கப்படுகிறான். தொடக்கத்தில் தரையில் ஒரு மோதல். முடிவை அணுகுகையில் வானில் ஒரு மோதல். இரண்டிலும் உயிர் தப்பிய ஒருவன் தன்னை எதுவும் வெல்ல முடியாதவனாகக் கருதிக்கொள்கிறான். கடைசிப் பாட்டாகிய ‘த டூரிஸ்ட்’ விரைந்து செல்வோனை வேகத்தைக் குறைக்குமாறு வேண்டி, ஒற்றை மணியோசையில் முடிகிறது. நடுவே ஏழாவதாக ‘ஃபிட்டர் ஹாப்பியர்’ என்னும் ஒன்று உள்ளது. அது பாட்டே அன்று. கணிப்பொறியின் உணர்ச்சியற்ற குரல், நலமாக வாழ்வதற்கான அறிவுரைகளை வரிசையாக ஒப்பிக்கிறது. தனித்துக் கேட்டால் இரண்டு மணித்துளிகூடப் பொறுக்க இயலாத உருப்படி அது. ஆயின் தொகுதியின் நடுவில் அது நிற்பதால்தான் முன்னும் பின்னும் வரும் மனிதக் குரல்களின் தவிப்பு விளங்குகிறது. வீட்டின் தூணை அழகிய பொருள் என்று யாரும் எடுத்துச் செல்வதில்லை. திரட்டிலும் ‘ஃபிட்டர் ஹாப்பியர்’ இல்லை. அதனைச் சேர்க்காததற்காகத் தொகுத்தவரைக் குறை கூறவும் இயலாது.

இவ்வளவில் நின்றால், தொகுதியே உயிர், பாட்டு அதன் உறுப்பு, உறுப்பை அறுத்தெடுப்பது குற்றம் என்று தீர்ப்பளித்துவிடலாம். இவ்விசையின் அன்பர்களிற் பலர் அவ்வாறே தீர்ப்பளித்தும் உள்ளனர். ஆனால் ‘லக்கி’ பாட்டின் வரலாறு அத்தீர்ப்பை எளிதில் ஏற்க விடுவதில்லை.

‘லக்கி’ ஓகே கம்ப்யூட்டருக்காகப் பிறந்த பாட்டன்று. 1995 செப்டம்பரில், பாஸ்னியப் போரில் துயருற்ற குழந்தைகளுக்கு உதவும் பொருட்டு ‘வார் சைல்ட்’ அமைப்பு ‘ஹெல்ப்’ என்னும் தொகுப்பை வெளியிட்டது. பல குழுக்கள் ஒரே நாளில் பாடிப் பதிந்து, அவ்வாரத்திலேயே விற்பனைக்கு வந்த தட்டு அது. அதற்காக ரேடியோஹெட் குழுவினர் ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் பதிந்து கொடுத்ததே ‘லக்கி’. அங்கு அப்பாட்டு பல குழுக்களின் பாட்டுகளுக்கிடையே ஒன்று. போர்ச் செய்திகள் நாளும் வந்துகொண்டிருந்த வேளையில் அதனைக் கேட்டவர்க்கு, மீட்கப்பட வேண்டுமென்னும் அக்குரல் பாஸ்னியாவின் குரலாகவே ஒலித்திருக்கும். ஈராண்டு கழித்து அதே பதிவு ஓகே கம்ப்யூட்டரின் பதினோராம் பாட்டாயிற்று. அங்கு அது ‘ஏர்பேக்’ பாட்டின் எதிரொலி. 2008இல் மூன்றாம் முறை இடம் பெயர்ந்து, 2003ஆம் ஆண்டின் ‘தேர் தேர்’ பாட்டிற்கு அடுத்து வந்து நின்றது. ஒரே ஒலிப்பதிவு, மூன்று வாழ்விடங்கள், மூன்று பொருள்கள்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? பாட்டிற்கு இயற்கையான இடம் என ஒன்று இருப்பதாகக் கொள்வது முழுதும் சரியன்று. இடம் கொடுக்கப்படுகிறது. குழுவினரே ஒரு திரட்டிலிருந்து அப்பாட்டைப் பெயர்த்துத்தான் தம் தொகுதியில் வைத்தனர். ஆகவே பெயர்த்தல் குற்றமாகாது. பெயர்த்து வைத்த இடத்தில் அப்பாட்டிற்குப் புதிதாக ஏதேனும் கிடைத்ததா என்பதே கேட்கத்தக்க கேள்வி. ‘ஹெல்ப்’ தட்டில் அதற்கு ஒரு பயன் கிடைத்தது. ஓகே கம்ப்யூட்டரில் ஒரு பொருள் கிடைத்தது. 2008ஆம் ஆண்டுத் திரட்டில் கிடைத்தது என்ன? அண்டைப் பாட்டோடு அதற்கு எவ்வுறவும் ஏற்படவில்லை என்றே சொல்ல வேண்டும்.

அத்திரட்டின் குறை தேர்வில் இல்லை. தேர்ந்த பாடல்களில் சோடை என்று ஒதுக்கத்தக்கது ஒன்றும் இல்லை. குறை முழுவதும் அடுக்கிலேயே உள்ளது. 1995ஆம் ஆண்டின் ‘ஜஸ்ட்’ பாட்டில் தொடங்கி, 1997க்குத் தாவி, அங்கிருந்து 1992க்குத் திரும்பி, மீண்டும் முன்னோக்கிச் சென்று, இப்படியே அலைகிறது. ஆண்டு முறையும் இல்லை; பொருள் முறையும் இல்லை. ‘கிட் ஏ’ தொகுதியில் ‘இடியோடெக்’ என்னும் பாட்டு ஒட்டுப்போட்ட இடமே தெரியாதபடி அடுத்த பாட்டாகிய ‘மார்னிங் பெல்’லினுள் சென்று கலக்கும். திரட்டில் அவ்விடம் வெட்டப்பட்டு, மூன்றாண்டு பிற்பட்ட ‘டூ பிளஸ் டூ ஈக்வல்ஸ் ஃபைவ்’ அங்கே தொடங்குகிறது. இன்னொன்று நகைப்பிற்கும் இடமாகிறது. ‘எவ்ரிதிங் இன் இட்ஸ் ரைட் பிளேஸ்’ என்பது ‘கிட் ஏ’ தொகுதியின் வாயிற்பாட்டு. எல்லாம் அதனதன் இடத்தில் என்பது அத்தலைப்பின் பொருள். முந்தைய தொகுதியின் கித்தார் ஓசையை எதிர்பார்த்து வந்தவர்க்கு, மின்னணு விசைப்பலகையின் விந்தை ஒலியால் இனிக் கேட்கப்போவது வேறு உலகம் என்று அறிவித்த பாட்டு அது. திரட்டில் அப்பாட்டு கிடப்பதோ கடைசியில்! வாயிற்கதவைக் கழற்றிக் கொல்லைப்புறத்தில் சாய்த்து வைத்தாற்போன்றது இது.

‘கிட் ஏ’ தொகுதியைக் கொண்டு இன்னும் ஒரு கேள்வி எழுகிறது. 2000ஆம் ஆண்டு அத்தொகுதி வெளியானபோது அதிலிருந்து தனித்தட்டு ஒன்றேனும் விற்பனைக்கு விடப்படவில்லை. வழக்கமான முறையில் பாடற்காட்சிகளும் பரப்பப்படவில்லை. சில நொடிகளே ஓடும் அசைபடத் துணுக்குகள் மட்டும் விளம்பரமாகப் பயன்பட்டன. அவ்வாறிருந்தும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அது முதலிடம் பெற்றது. அதாவது, கேட்டவர்கள் அதனை முழுதாகவே வாங்கினர், முழுதாகவே கேட்டனர். ‘ஹிட்’ என ஒன்றுமே இல்லாத தொகுதியிலிருந்து ‘ஹிட்’ எடுப்பது எவ்வாறு? விற்பனைப் பட்டியல் அதற்கு விடை தராது. தொகுப்பவரின் சுவையே விடை தர வேண்டும். ஆகவே ‘பெஸ்ட் ஆஃப்’ என்னும் பெயரின்கீழ் இரண்டு வேறுபட்ட அளவுகோல்கள் கலந்துள்ளன. ‘க்ரீப்’ அங்கு வந்தது விற்றதால். ‘இடியோடெக்’ வந்தது ஒருவருக்குப் பிடித்ததால். புகழும் தரமும் ஒன்றே என்பதுபோல் அப்பெயர் இரண்டையும் ஒரு கயிற்றில் கட்டுகிறது.

இத்திரட்டு தோன்றிய சூழலையும் மறைத்தல் ஆகாது. 2003ஆம் ஆண்டுத் தொகுதியோடு ஒப்பந்தம் நிறைவெய்தியது. 2007இல் இ.எம்.ஐ. நிறுவனத்தை டெர்ரா ஃபர்மா என்னும் முதலீட்டு நிறுவனம் வாங்கியது. குழுவினர் புதிய ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை. 2007 அக்டோபர் 10 அன்று ‘இன் ரெயின்போஸ்’ என்னும் ஏழாம் தொகுதியைத் தாமே இணையத்தில் வெளியிட்டு, விரும்பிய விலையைக் கேட்பவரே கொடுக்கலாம் என்றனர். உலகெங்கும் அது பேசப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், அவர்களுடைய ஆறு தொகுதிகளையும் ஒரு நேரடி நிகழ்ச்சிப் பதிவையும் ஒரே பெட்டியில் வைத்து இ.எம்.ஐ. விற்றது. ஆறு திங்கள் கழித்து ‘த பெஸ்ட் ஆஃப்’ வந்தது. ஒற்றைத் தட்டாக, இரட்டைத் தட்டாக, ஒளித்தட்டாக, கருந்தட்டாகப் பல வடிவில் விற்பனையாயிற்று. இங்கிலாந்துப் பட்டியலில் நான்காம் இடம் வரை சென்றது. தங்களுக்கு இதில் பங்கில்லை என்பதைக் குழுவினர் வெளிப்படையாகவே கூறினர். தடுக்கும் உரிமையும் அவர்களிடம் இல்லை. பதிவுகளின் உரிமை நிறுவனத்தினுடையது. சட்டப்படி அதில் குற்றம் காண இடமில்லை. ஆனால் சட்டம் இடம் கொடுத்த ஒன்றையெல்லாம் தொகை என்று சொல்லிவிட முடியுமா?

தொகை என்னும் சொல்லைப் பயன்படுத்திய பின்னர்த் தமிழ் மரபை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது தவிர்க்க இயலாதது. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர் என்றும், தொகுப்பித்தவன் உக்கிரப்பெருவழுதி என்றும் மரபு பெயர் சுட்டி உரைக்கிறது. தொகுத்தவரும் தொகுப்பித்தவரும் வெவ்வேறு பணியினர் என்ற தெளிவு அதில் உள்ளது. அடுக்கு முறையோ வியக்கத்தக்கது. ஒற்றைப்படை எண்ணுள்ளன பாலை, இரண்டும் எட்டுமாக முடிவன குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். பல காலத்துப் பல புலவர் தனித்தனியே பாடிய பாடல்கள் அவை. அவற்றைப் பாடியோர் எவரும் தம் பாட்டு இன்ன எண்ணில் நிற்க வேண்டும் என்று எண்ணியிரார். ஆயினும் இன்று படிப்பவர்க்கு அவ்வடுக்கு அயலாகத் தோன்றவில்லை. தொகுத்தவரின் அறிவு அங்கு ஒரு படைப்புச் செயலாகவே அமைந்துவிட்டது. முத்தொள்ளாயிரமோ இன்னும் துயரமான சான்று. அந்நூல் முழுமையாகக் கிடைக்காமற் போயிற்று. புறத்திரட்டு என்னும் திரட்டில் எடுத்துச் சேர்க்கப்பட்ட நூற்றுச்சொச்சம் வெண்பாக்களே இன்று முத்தொள்ளாயிரம் என்று வழங்குகின்றன. திரட்டு செய்தவர் முழுநூலின் கட்டுக்கோப்பைக் குலைத்துவிட்டார் என்று அவரைக் கடிந்துகொள்ள யாருக்கும் மனம் வராது.

ரேடியோஹெட் திரட்டிற்குத் தொகுப்பித்தார் உண்டு, அது இ.எம்.ஐ. நிறுவனம். தொகுத்தார் என்று பாராட்டவோ பழிக்கவோ ஒரு பெயர் கேட்போர் நெஞ்சில் நிற்கவில்லை. காப்பாற்ற வேண்டிய இடரும் அப்பாடல்களுக்கு இல்லை. ஆறு தொகுதிகளும் கடைகளில் தாராளமாகக் கிடைத்துக்கொண்டிருந்தன.

மாற்று ராக் இசையிலேயே வேறுபட்ட திரட்டுகளும் உண்டு. மான்செஸ்டர் நகரத்து ‘த ஸ்மித்ஸ்’ குழு 1982 முதல் 1987 வரை இயங்கியது. அவர்கள் தனித்தட்டுகளில் வெளியிட்ட பாடல்களிற் பல, முறையான தொகுதிகளில் இடம்பெறவே இல்லை. ‘ஹவ் சூன் இஸ் நௌ?’ என்னும் பாட்டு 1984இல் ஒரு தனித்தட்டின் மறுபக்கத்தில் ஒதுக்கமாகக் கிடந்தது. அவ்வாண்டு நவம்பரில் வந்த ‘ஹாட்ஃபுல் ஆஃப் ஹாலோ’ என்னும் திரட்டு அதனை எடுத்துச் சேர்த்துக்கொண்டது. பி.பி.சி. வானொலிக்காகப் பதிந்தவையும் அதில் உள்ளன. இன்று அக்குழுவின் பெயரைச் சொன்னவுடன் பலருக்கு நினைவுக்கு வருவது அப்பாட்டே. இத்திரட்டு இல்லாமல் அக்குழுவைப் பயில முடியாது. ‘த க்யூர்’ குழுவின் ‘ஸ்டாண்டிங் ஆன் எ பீச்’ (1986) தனித்தட்டுகளை ஆண்டு வரிசையில் வைத்தது. அதன் ஒலிநாடா வடிவம் தட்டுகளின் மறுபக்கப் பாடல்களையும் சேர்த்துக் கொடுத்தது. எளிய முறைதான்; ஆனால் கேட்பவர் ஒரு குழு வளர்ந்த கதையைக் கேட்கிறார்.

நிர்வானா குழுவின் திரட்டு துயரம் கலந்தது. கர்ட் கோபேன் 1994 ஏப்ரலில் மறைந்தார். அவ்வாண்டு ஜனவரியில் பதிந்த இறுதிப் பாடல்களுள் ஒன்று ‘யூ நோ யூ’ர் ரைட்’. அதனை எவ்வாறு வெளியிடுவது என்பதில் அவர் துணைவியாருக்கும் எஞ்சிய இரு இசைஞர்களுக்கும் வழக்கு மூண்டது. 2002இல் இணக்கம் ஏற்பட்டு, குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட திரட்டில் அது முதற்பாட்டாக வந்தது. அத்தட்டை அந்த ஒரு பாட்டிற்காகவே வாங்கினோர் மிகுதி. ஏனைய பாடல்கள் துணைக்கு வந்தவை.

ஆர்.இ.எம். குழுவினருக்கோ இருவகைப் பட்டறிவும் உண்டு. 1988இல் அவர்கள் ஐ.ஆர்.எஸ். என்னும் சிறு நிறுவனத்தை விட்டு வார்னர் நிறுவனத்திற்குச் சென்றபோது, பழைய நிறுவனம் ‘எபானிமஸ்’ என்னும் திரட்டை வெளியிட்டது. ரேடியோஹெட் குழுவிற்கு நேர்ந்ததை இது பெரிதும் ஒத்தது. எனினும் ‘ரேடியோ ஃப்ரீ யூரப்’ பாட்டின் 1981ஆம் ஆண்டு முதற்பதிவை அது மீட்டுக் கொடுத்ததால், பழைய அன்பர்க்கும் ஒரு புதுமை கிட்டியது. 2011 செப்டம்பரில் குழுவைக் கலைத்துவிட்டதாக அறிவித்த பின், நவம்பரில் அவர்களே ஒரு திரட்டை வெளியிட்டனர். இரு நிறுவனங்களின் காலத்துப் பாடல்களும் முதன்முறையாக ஒன்றுசேர, நாற்பது பாடல்கள் ஆண்டு வரிசையில் அமைந்தன. பாடல்களைப் பற்றிக் குழுவினரே குறிப்பு எழுதினர். அத்தலைப்பு, தங்கள் இசையில் பொய்யும் உண்டு, மெய்யும் உண்டு, குப்பையும் உண்டு என்று கூறியது. ‘சிறந்தவை’ என்று மார்தட்டும் பெயரைக் காட்டிலும் அது எவ்வளவு கௌரவமானது! தம் கவிதைத் தொகுப்பிற்கு இத்தகைய தலைப்பிடும் துணிவு தமிழ்க் கவிஞர் எத்தனை பேருக்கு வரும் என்பது அவையோர் சிந்தனைக்கு.

2008ஆம் ஆண்டுத் திரட்டை இவற்றோடு ஒப்பிட்டால் அது கடைசியில்தான் நிற்கும். ஆறு தொகுதிகளையும் வைத்திருப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் அவர் ஒருவரே கேட்பவர் அல்லர். கையில் ஒரு தட்டுக்குரிய பணம் மட்டும் உடைய மாணவன் ஒருவனைக் கருதுக. அவனுக்கு அக்குழுவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ‘கிட் ஏ’ தொகுதியை முதலில் எடுத்தால் மிரண்டு வைத்துவிடக்கூடும். திரட்டில் ‘பிரமிட் சாங்’ அவனைத் தடுத்து நிறுத்தலாம். அதன் வழியே அவன் ‘அம்னீசியாக்’ தொகுதியைத் தேடிச் செல்லலாம். முழுமையைப் போற்றும் திறனாய்வாளர்கள் தாங்களும் எங்கோ கேட்ட ஒற்றைப் பாட்டு ஒன்றின் வழியாகத்தான் உள்ளே வந்தனர் என்பதை எளிதில் மறந்துவிடுகின்றனர். பாடநூலில் கண்ட ஒரே பாட்டு வழியாகக் குறுந்தொகைக்குச் சென்றவர் எத்தனையோ பேர். அவர்களிடம் ‘முழுநூலையும் படிக்காமல் ஏன் வந்தீர்’ என்று யாரும் வினவுவதில்லை. அடுக்கு சீர்குலைந்த திரட்டாயினும் வழிகாட்டிப் பலகையாக நிற்கும் தகுதி அதற்கு உண்டு. வழிகாட்டிப் பலகையைக் கோயில் என்று விற்றதே பிழை.

காலமும் இவ்வினாவின் வடிவை மாற்றிவிட்டது. பாடல்களைத் தனித்தனியே பிரித்து விற்பதற்கு இசையாமல் ரேடியோஹெட் குழு 2008 வரை ஐடியூன்ஸ் கடையில் தன் தொகுதிகளை வைக்கவில்லை. அவ்வாண்டில்தான் அம்மறுப்புத் தளர்ந்தது. அதே இ.எம்.ஐ. நிறுவனத்தின்மீது பிங்க் ஃபிலாய்டு என்னும் மூத்த குழு வழக்குத் தொடுத்தது. தொகுதிகளின் முழுமையைக் காக்கும் ஒப்பந்த விதி இணையத்திற்கும் பொருந்தும் என்று 2010 மார்ச்சில் இலண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாடல்களின் வரிசை பாதுகாக்கத்தக்கது என்று ஒரு நீதிமன்றம் கருத நேர்ந்தது இலக்கிய மாணவர் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. வென்ற குழுவோ அடுத்த ஆண்டே அந்நிறுவனத்தோடு புதிய உடன்பாடு கண்டு, பாடல்களைத் தனியே விற்கவும் இசைந்தது. கொள்கையின் ஆயுள் அவ்வளவே! இன்று இணைய வழிக் கேட்கும் எவரும் தாமே ஒரு திரட்டைச் செய்துகொள்கின்றனர். நிறுவனம் செய்து கொடுக்கும் திரட்டிற்கு முன்பிருந்த தேவை இப்போது இல்லை. தொகுப்பாரின் பணிக்குத் தேவை இருக்கிறதா என்பதே இப்போதைய கேள்வி.

இ.எம்.ஐ. நிறுவனம் பின்னர்த் தானே கூறுபோடப்பட்டது. பார்லஃபோன் 2013இல் வார்னரின் கைக்குச் சென்றது. 2016இல் ரேடியோஹெட் குழுவின் பழைய பதிவுகள் எக்ஸ்.எல். நிறுவனத்தின் பொறுப்பிற்கு வந்தன. அதன்பின் குழுவினர் தம் பழைய படைப்புகளைத் தாமே தொகுக்கத் தலைப்பட்டனர். ஆனால் ‘சிறந்த பாடல்கள்’ என ஒன்றை அவர்கள் வெளியிடவில்லை. 2017இல் ஓகே கம்ப்யூட்டரை முழுதாக வைத்து, அக்காலத்து வெளிவராப் பாடல்களை அதன் அருகில் சேர்த்தனர். 2021இல் ஒரே காலப்பகுதியில் பதிவான ‘கிட் ஏ’, ‘அம்னீசியாக்’ இரண்டையும் ‘கிட் ஏ ம்னீசியா’ என்னும் பெயரில் இணைத்தனர். இரண்டு தொகுதிகளும் அவற்றுக்குரிய அடுக்கில் அப்படியே உள்ளன. மிச்சங்களும் மாற்று வடிவங்களும் மூன்றாம் தட்டில் தனியே வைக்கப்பட்டுள்ளன. ‘எவ்ரிதிங் இன் இட்ஸ் ரைட் பிளேஸ்’ அங்கு மீண்டும் முதற்பாட்டு.